பழைய பிக்கப் வண்டியின் வெற்றோட்டக் கோளாறும் காற்றழுத்தமும்

மோட்டார் வண்டி நின்றிருக்கையில், ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்த பின்னரும் எஞ்சின் தானாகவே மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதை வெற்றோட்டம் என்பர். பட்டறைகளில் இதற்கு வழங்கும் பெயர் ஐட்லிங். நல்ல நிலையிலுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் இந்நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்றுகள் சீராகச் சுழலவேண்டும். சீர் கெடும்போது அக்கேடு இருவகையாகத் தோன்றுகிறது. ஒன்று, வண்டி முழுவதும் குலுங்க, எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவது. மற்றொன்று, எஞ்சினின் வேகம் தானே ஏறுவதும், உடனே தணிவதும், மீண்டும் ஏறுவதுமாக ஊஞ்சலாடுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, எடுத்த எடுப்பில் கார்புரேட்டரின் திருகுகளைத் திருப்புவதே பெரும்பாலோர் வழக்கம். அவ்வாறு திருப்பிய பின்னர் மூலக்கோளாறு எது, திருப்பியதால் விளைந்தது எது என்று பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது.

கோலார் தங்கவயலில் இக்கோளாற்றை ஆராய்பவர் வேறொரு செய்தியையும் மனத்திற் கொள்ளவேண்டும். இவ்வூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர், அதாவது சுமார் 2,800 அடி உயரத்தில் அமைந்துள்ளது. வண்டிகளுடன் வந்த கைந்நூல்களில் காணும் எண்களோ பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு உரியவை. அவற்றை அப்படியே இங்குப் பொருத்திப் பார்த்தால் நோயில்லாத எஞ்சினுக்கு நோய் இருப்பதாகத் தோன்றும். வால்வுகளைக் கழற்றித் தேய்ப்பதும், பிஸ்டன் வளையங்களை மாற்றுவதும் சிறு செலவல்ல. சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்ட பின்னர், பழைய வண்டி ஒன்றைக் கொண்டு சுமை ஏற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அச்செலவு சில மாத வருவாய்க்கு ஈடாகலாம்.

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது ஜீப் வழிவந்த பெட்ரோல் பிக்கப் வண்டி. மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அவ்வழியில் வந்த ஹரிக்கேன் என்னும் 2.2 லிட்டர் எஞ்சின் பிற்காலத்தில் பிக்கப் வண்டிகளிலும் அமைந்தது. இதில் காற்றும் பெட்ரோலும் நுழையும் வால்வுகள் மேலே தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கிலும் உள்ளன. கலவை செல்லும் வழியும் தலைப்பகுதியுடன் ஒரே வார்ப்பாக வார்க்கப்பட்டிருக்கிறது. ஆகையால் பிற எஞ்சின்களைப் போல மானிபோல்டு கேஸ்கட் வழியே காற்றுப் புகும் அச்சம் இதில் இல்லை. ஆனால் கார்புரேட்டரின் அடிக் கேஸ்கட், திராட்டில் தண்டின் இருபுறத் துளைகள், காற்றிழுப்பால் இயங்கும் வைப்பருக்குச் செல்லும் ரப்பர்க் குழாய், கிராங்க் அறையின் காற்றோட்ட வால்வு ஆகிய நான்கும் ஐயத்துக்கு உரியவை.

வெற்றோட்டத்தின்போது திராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியே இருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுத்துக்கொண்டே இருக்க, உள்ளே வரும் காற்றோ சிறிதளவே. எனவே திராட்டிலுக்குப் பின்னுள்ள வழியில் காற்றழுத்தம் மிகவும் குறைகிறது. இக்குறைவைக் காட்டும் கருவி வேக்குவம் கேஜ் எனப்படும். அதன் முள் பாதரச அங்குலங்களில் அளவைக் காட்டும். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஒன்று 17 முதல் 21 அங்குலம் வரை காட்டவேண்டும் என்பது பொதுவிதி. கோலார் தங்கவயலில் அதே எஞ்சின் 14 முதல் 18 வரைதான் காட்டும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வீதம் கழித்துக்கொள்ளவேண்டும்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது எளிது. கேஜ் காட்டுவது உள்ளழுத்தத்தை அன்று. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டையே அது காட்டுகிறது. சென்னையில் வெளியழுத்தம் சுமார் 30 அங்குலம். கேஜ் 19 என்று காட்டினால் உள்ளே 11 அங்குல அழுத்தம் இருக்கிறது. தங்கவயலில் வெளியழுத்தமே 27 அங்குலம்தான். கேஜ் 16 என்று காட்டும்போது உள்ளே இருப்பதும் அதே 11 அங்குலம். எஞ்சின் தன் உராய்வை வென்று ஓடுவதற்கு வேண்டிய காற்று ஈரிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. மாறியது வெளியுலகமே தவிர எஞ்சின் அன்று. காற்றழுத்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அழுத்தம் அளக்கும் உறுப்புடைய கைப்பேசி ஒன்று இருந்தால், தங்கவயலில் அது சுமார் 915 ஹெக்டோபாஸ்கல் காட்டுவதையும், வேலூரில் அதனினும் 70 அளவில் மிகுவதையும் மாணவர்களே கண்டறியலாம். அதே ஊரின் சாம்பியன் ரீப் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. மேலே கடல் மட்டத்திலும் குறைந்த அழுத்தத்தில் வாழ்ந்த தொழிலாளி, அடித்தளத்தில் கடல் மட்டத்திலும் மிகுந்த அழுத்தத்தில் உழைத்தான் என்பது வியப்பான செய்தி.

கேஜின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைக் காட்டிலும் அது எவ்வாறு அசைகிறது என்பதே முக்கியமானது. முள் அசையாமல் 16-இல் நின்றால் எஞ்சினின் உள்ளுறுப்புகளைப் பற்றிய கவலை வேண்டா. அசையாமல் நின்றும் 10 அல்லது 11 என்று தாழ்ந்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது தீப்பொறி காலந்தாழ்த்தி விழுகிறது. ஒழுங்கான கால இடைவெளியில் ஒரே அளவு சரிந்து மீளுமானால் ஒரு சிலிண்டரில் மட்டும் குறை இருக்கிறது. சரியாக மூடாத வால்வு, கெட்ட பிளக், அறுந்த பிளக் கம்பி இவற்றுள் ஒன்று அதற்குக் காரணமாகலாம். மெதுவாக மேலும் கீழும் தவழ்ந்தால் குறை கலவையில் இருக்கிறது. ஊஞ்சலாடும் வெற்றோட்டத்தில் பெரும்பாலும் காணப்படுவது இந்த இறுதி வகையே.

குலுங்கி ஓடும் எஞ்சினில் உழைக்காத சிலிண்டரைக் கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் கையாளும் முறை இன்றும் செல்லத்தக்கது. பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பயனிழக்கச் செய்து காதைத் தீட்டிக் கேட்பதே அது. உழைக்கும் சிலிண்டரை நிறுத்தினால் எஞ்சினின் ஓட்டம் மேலும் கெடும். ஏற்கெனவே உழைக்காததை நிறுத்தினால் எவ்வித மாற்றமும் இராது. கம்பியை வெறுங்கையால் தொடலாகாது. நன்கு காப்பிட்ட கருவியால் மட்டுமே எடுக்கவேண்டும். குறையுள்ள சிலிண்டர் தெரிந்த பின்னர் பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம் உள்ளதா எனவும், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டு இடைவெளி 0.020 அங்குலம் உள்ளதா எனவும் அளந்து பார்க்கலாம். பாயிண்டு தேய்ந்திருப்பின் நான்கு சிலிண்டர்களுமே பாதிக்கப்படும் என்பதை மறத்தலாகாது.

ஊஞ்சலாட்டத்தின் காரணம் இதனினும் நுட்பமானது. கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் சில வேளைகளில் அது எரியாமற் போகிறது; வேகம் தணிகிறது. தணியும்போது வழியின் சுவர்களில் படிந்திருந்த பெட்ரோல் சிறிது சேர்ந்து கலவை செறிவுறுகிறது; வேகம் ஏறுகிறது. ஏறியதும் இழுப்பு மிகுந்து சுவரில் இருந்த பெட்ரோல் ஆவியாகித் தீர்ந்துபோகிறது. கலவை மீண்டும் மெலிகிறது. ஒவ்வொரு மாற்றத்தின் விளைவும் சற்றுக் காலந்தாழ்த்தியே வந்து சேர்வதால் எஞ்சின் ஒரு நிலையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. இதனைச் சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டா. காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, கார்புரேட்டரின் வாயை ஓர் அட்டையால் பாதியளவு மறைத்தால் போதும். ஓட்டம் சீர்ப்பட்டால் கலவை மெலிந்திருந்தது உறுதி. மாறாக, கரும்புகை கக்கி நிற்க முயன்றால் கலவை முன்னரே செறிந்திருந்தது. அப்போது மிதவையின் மட்டத்தையும் சோக் தட்டு முழுவதும் திறக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

மெலிவு உறுதியானால் காற்று புகும் வழியைத் தேடுதல் வேண்டும். வெளியழுத்தம் 27, உள்ளழுத்தம் 11 என்னும் நிலையில், சிறு துளை வழியே புகும் காற்று அத்துளையின் இடுக்கில் ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. சீறும் ஓசை கேட்பது இதனாலேயே. இந்நிலையில் உள்ளழுத்தம் மேலும் குறைந்தாலும் புகும் காற்றின் அளவு கூடுவதில்லை. ஆகவே எஞ்சின் மிகுந்த காற்றை இழுத்து வேகமாக ஓடும்போது அந்தச் சிறிதளவு காற்று பொருட்டாவதில்லை. வெற்றோட்டத்தில் மட்டும் அது கலவையைக் கெடுத்துவிடுகிறது. "சாலையில் நன்றாக ஓடுகிறது, நின்றால்தான் தகராறு" என்று ஓட்டுநர் கூறுவது இதனோடு முற்றிலும் பொருந்துகிறது.

ரப்பர்க் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்துப் பார்க்கவேண்டும். கிராங்க் அறைக் குழாயை அழுத்தும்போது வேகம் சற்றே மாறினால் அதன் வால்வில் குறையில்லை. குலுக்கம் முழுவதும் நின்றுவிட்டால் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. கழற்றிக் கழுவினால் போதும். கார்புரேட்டரின் அடியிலும் திராட்டில் தண்டின் ஓரங்களிலும் எண்ணெய்க் குப்பியால் சில துளி எண்ணெய் விடலாம். எண்ணெய் உள்ளிழுக்கப்பட்டு ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். இச்சோதனைக்குப் பெட்ரோல் தெளிக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். எஞ்சின் ஓடும் சோதனைகள் அனைத்தையும் திறந்த வெளியிலேயே செய்யவேண்டும். மூடிய கொட்டகையில் வெற்றோட்டம் விடும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றியே உயிரைப் போக்கவல்லது.

திராட்டில் தண்டு தேய்வது தங்கவயலில் விரைந்து நேர்கிறது எனில் அதன் காரணத்தைத் தொலைவிற் சென்று தேடவேண்டியதில்லை. பொன்னைப் பிரித்தெடுத்தபின் குவிக்கப்பட்ட சயனைடு மேடுகள் ஊரைச் சூழ நிற்கின்றன. அவை மாவாக அரைக்கப்பட்ட பாறையின் குவியல்கள், குவார்ட்சு மிகுந்தவை. காற்று வீசும் காலத்தில் அத்தூள் எங்கும் படிகிறது. எண்ணெய்த் தொட்டியுடைய காற்று வடிகட்டியில் அது சேறாகத் தங்கும். எண்ணெய் வற்றினாலோ, மாற்றப்படாமல் தடித்தாலோ தூள் உள்ளே சென்று வெற்றோட்ட ஜெட்டின் நுண்துளையை அடைக்கிறது. தண்டையும் அதன் துளையையும் அரத்தைப் போல் தேய்க்கிறது. கலவைத் திருகை உள்ளே திருப்பியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையெனில், ஜெட் அடைபட்டிருக்கிறது அல்லது திராட்டில் அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஜெட்டைக் காற்றால் ஊதியே துப்புரவு செய்யவேண்டும். கம்பி நுழைத்தால் துளை பெரிதாகிவிடும்.

வேலூரில் செம்மை செய்யப்பட்டு, பேரணாம்பட்டு, வெங்கடகிரிக்கோட்டை வழியாக மேலேறி வரும் வண்டியில் கலவை சற்றுச் செறிவுறும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் தங்கவயலில் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைவு. கார்புரேட்டர் தரும் கலவை அங்கு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செறியும். அண்மைக் காலத்தில் இதற்கு எதிரான விளைவும் தோன்றியுள்ளது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவியது. தூய பெட்ரோலின் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று போதும். எத்தனாலுக்கு 9 பங்கே வேண்டும். கலப்பு எரிபொருளுக்கு அது சுமார் 13.5 ஆகிறது. பழைய ஜெட் அதே அளவு எரிபொருளைத் தருவதால் கலவை எட்டுப் பங்கு மெலிகிறது. உயரம் அதில் பாதியை ஈடுசெய்கிறது. எஞ்சிய பாதி ஊஞ்சலாட்டத்தைத் தூண்டப் போதுமானது. கலவைத் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என வெளியே திருப்பி, கேஜின் முள் மிக உயர்ந்து நிற்கும் இடத்தில் நிறுத்துவது இதற்குப் பரிகாரம். கசிவுகளையெல்லாம் அடைத்த பின்னரே இதனைச் செய்யவேண்டும். எத்தனால் பழைய ரப்பரை ஊதச் செய்து வெடிக்க வைப்பதால், பெட்ரோல் குழாய்களையும் பம்பின் டயாபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிக்கொள்வது நலம்.

டீசல் வண்டியின் ஊஞ்சலாட்டம் வேறு வகையைச் சார்ந்தது. அதில் முதலில் ஐயுறவேண்டியது எரிபொருள் குழாயில் புகுந்த காற்றுக் குமிழ்களையே. பம்பின் திருகைத் தளர்த்திக் குமிழ்களை வெளியேற்றியும் ஆட்டம் நீங்காவிடில் கவர்னரைப் பார்க்கவேண்டும். சில பழைய வண்டிகளில் கவர்னரும் காற்றிழுப்பால் இயங்குவது. அதன் தோல் டயாபிரம் காய்ந்து கிழிந்தால் வேகம் கட்டுக்குள் நில்லாது. கவர்னரின் காற்றுக் குழாயைக் கழற்றி, நெம்புகோலை நிறுத்தும் பக்கம் தள்ளிப் பிடித்தபடி, குழாய் இருந்த வாயை விரலால் இறுக மூடி நெம்புகோலை விட்டால், டயாபிரம் நன்றாயிருப்பின் அது சற்று நகர்ந்து நின்றுவிடும். முழுவதும் திரும்பி வந்தால் டயாபிரத்தை மாற்றவேண்டும். இச்சோதனையை எஞ்சின் நின்றிருக்கும்போதே செய்யவேண்டும்.