சுத்தபோசன நாளும் காளான் கறியும்

வெள்ளிக்கிழமை வந்தால் நம் இல்லங்களில், "இன்று என்ன கறி வைப்பது?" என்னும் கேள்வி எழுவதுண்டு. இப்போது பலர் காளானை நாடுகின்றனர். கூடவே ஓர் ஐயமும் அவர்களுக்கு எழுகின்றது. மெல்லும்போது இறைச்சியை நினைவூட்டும் இப்பொருள் சுத்தபோசனத்திற்கு ஆகுமா?

ஆகும். திருச்சபை விலக்கச் சொல்வது விலங்கு, பறவை ஆகியவற்றின் இறைச்சியை. காளானோ பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 14 வயது நிறைந்தோரைச் சுத்தபோசனக் கடமைக்கு உட்படுத்துகின்றது. அவர்கள் மனக்கலக்கமின்றிக் காளானை உண்ணலாம்.

கீழ்த்திசை நாடுகளில் காளான் பழைய உணவு. சீனரும் ஜப்பானியரும் மரக்கட்டைகளில் ஷிட்டாக்கே காளானை நெடுங்காலமாக வளர்த்து வருகின்றனர். நம் நாட்டில் வைக்கோற் காளான் 1943-இல் கோயம்புத்தூரில் வளர்க்கப்பெற்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் 'ஏ.பி.கே. 2' என்னும் பால் காளான் இரகத்தை வெளியிட்டது. நம் ஊர் வெப்பத்திலும் நன்கு விளையும் இக்காளானும், வைக்கோலில் வளர்க்கப்பெறும் சிப்பிக் காளானும் இன்று நம் கடைகளில் கிடைக்கின்றன.

சமைப்பதில் சிறிது கவனம் வேண்டும். காளானில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீரே. ஆதலால் அதனை ஊறவைத்தல் கூடாது. ஒருமுறை அலசித் துணியால் ஒற்றினால் போதும். சிப்பிக் காளானின் கடினமான அடிக்காம்பை நீக்கிவிட்டுக் கையாலேயே கிழிக்கலாம். பால் காளான் சதைப்பற்று மிக்கது. அதனை மெல்லியதாக அரிந்து, சற்றுக் கூடுதலான நேரம் வேகவிட வேண்டும். அகன்ற வாணலியில் சிறிது எண்ணெய் விட்டுச் சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கிக் காளானைப் போடுக. தண்ணீர் ஊற்ற வேண்டுவதில்லை. மூடாமல் தீயைச் சற்று உயர்த்தி வைத்தால், காளான் விடும் நீர் தானே சுண்டிவிடும். அதன் பின்னர் உப்பும் இடித்த மிளகும் சேர்த்து இறக்குக. சிப்பிக் காளான் விரைவில் கெடும்; பால் காளான் சில நாள் தாங்கும். வழவழப்போ தீய வாடையோ இருப்பின் எறிந்துவிடுக.

இங்கு ஓர் எச்சரிக்கை. இடியும் மழையும் வந்து போனபின் வேலியோரங்களில் முளைக்கும் காளான்களுள் உயிருக்கே உலை வைப்பனவும் உண்டு. வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, புழு அரித்திருந்தால் நல்லது என்னும் சோதனைகளை நம்பலாகாது. சில காளான்களின் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் அழியாது. உண்டு ஆறு மணி நேரம் கழிந்த பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். பின்னர் அவை தணிந்தது போலக் காட்டி, உள்ளே ஈரல் பழுதடையும். ஆதலால் ஐயம் எழுந்த உடனே மருத்துவமனைக்கு விரைக. மீந்த காளானையும் எடுத்துச் செல்க. குழந்தைகள் பறித்து வரும் காளானை ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

இறுதியாக ஒன்று. காளான் மலிவான பொருள் அன்று. இறைச்சியை விலக்கிவிட்டு, நெய்யும் முந்திரியும் மணக்கும் காளான் பிரியாணியை வயிறார உண்டால் சட்டம் காக்கப்படலாம், தவம் காக்கப்படுமா? சுத்தபோசனம் நாவை அடக்கவும், இல்லாதவரை நினைக்கவும் நமக்குத் தரப்பட்டது. ஒரு சிறு பொட்டலக் காளானோடு உருளைக்கிழங்கைச் சேர்த்தால் ஒரு குடும்பத்திற்குக் கறி ஆகிவிடும். அவ்வாறு எளிமையாகச் சமைத்து, மிஞ்சும் காசைத் தவக்கால உண்டியலில் இடுவோம். அல்லது அடுப்பு எரியாத அண்டை வீட்டாருக்கு அரிசியாகக் கொடுப்போம். பிள்ளைகள் கையாலேயே அதனைக் கொடுக்கச் செய்தல் இன்னும் நன்று. அப்போது நம் வெள்ளிக்கிழமை இறைவனுக்கு உகந்ததாகும்.