தாம்பரத்தில் ஒரு ரங்கூன் சூப்!

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் தாம்பரத்தில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, முடிச்சூர் பக்கம் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் ரேஷன் கார்டு, பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றிவிடுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம் அது. இரண்டாவது, ஊரே தும்மும். செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டில் கிளம்புகிற தும்மல், வெள்ளிக்கிழமைக்குள் கேம்ப் ரோடு, சேலையூர், செம்பாக்கம் என்று ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துவிடும்.

தும்மலுக்கு வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம். எதிர்வீட்டில் மிளகு ரசம். மாடிவீட்டில் தூதுவளை. பக்கத்து வீட்டு பேச்சிலர் பையன்களுக்கு இரண்டு நிமிஷ நூடுல்ஸ். எங்கள் வீட்டில் கௌஸ்வே!

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'கௌஸ்வே' என்றால் பர்மிய பாஷையில் நூடுல்ஸ். 'ஓன் நோ' என்றால் தேங்காய்ப்பால். இரண்டையும் சேர்த்து 'ஓன் நோ கௌஸ்வே' என்று சொன்னால், கோழி, தேங்காய்ப்பால், நூடுல்ஸ் எல்லாம் போட்ட காரசாரமான சூப். நம் வசதிக்கு கோழி நூடுல்ஸ் சூப் என்றே வைத்துக்கொள்வோம்.

பீச் ஸ்டேஷனில் ஏறிய நூடுல்ஸ்

பர்மா சாப்பாடு என்றாலே சென்னைவாசிகளுக்கு ஞாபகம் வருவது பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ கடைகள்தான். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், நொறுக்கிய தட்டை, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து, தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் கொடுப்பார்கள். பர்மாவில் காலை டிபனாகச் சாப்பிடுகிற 'மொய்ங்கா' என்ற மீன் சூப்பில் வாழைத்தண்டு போடுவது வழக்கம். அதுதான் இங்கே வந்து மீனை விட்டுவிட்டு சைவமாகிவிட்டது!

1931-லிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடுகிறது. பாரிமுனையில் வேலை பார்த்துவிட்டுத் தாம்பரம் திரும்புகிற என்னைப் போன்ற ஜீவன்களுக்கு, 'ஒரு பார்சல் வாங்கிப் போகலாமே' என்ற சபலம் வருவது இயற்கை. ஆனால் நூடுல்ஸை சூப்பில் ஊறப்போட்டு ரயிலில் ஏற்றினால் என்ன ஆகும் தெரியுமா? பீச்சில் நூடுல்ஸ், மாம்பலத்தில் இடியாப்பம், குரோம்பேட்டையில் கொழுக்கட்டை!

காரணம், வெந்த மாவு சும்மா இருக்காது. சூடான தண்ணீரில் கிடக்கிற வரைக்கும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊற ஊறப் பருக்கும், ஒட்டிக்கொள்ளும். ஆகவே, இந்த சூப்புக்கு முதல் விதி: செய்கிற இடத்திலேயே சாப்பிடவேண்டும். செய்கிற இடம் வீடாக இருந்தால் இன்னும் உத்தமம்.

பறந்து போன கோழி

எங்கள் வீட்டுக்கு இந்த சூப் வந்தது, எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மா மூலமாக. எழுபதைத் தாண்டியவர். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் 'பர்மா பாட்டி'.

ரங்கூனில் பிறந்தவர். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1931-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிப் பேருக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியது முதல் வட்டிக்கடை வைத்தது வரை நம்மவர்கள். 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கானவர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். யுத்தம் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கும், அங்கேயே தங்கியவர்களுக்கும் இரண்டாவது இடி 1962-ல் விழுந்தது. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். தொழில்களும் கடைகளும் தேசியமயமாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வாழ்நாள் சேமிப்பு ஒரே நாளில் வெறும் காகிதம்! அதன் பிறகுதான் கப்பல் கப்பலாகக் கிளம்பி வந்தார்கள்.

"அறுபத்தஞ்சுல மெட்ராஸ் ஹார்பர்ல வந்து எறங்கினோம் தம்பி. எனக்குப் பதினாலு வயசு. ஒரு ட்ரங்க் பொட்டி, ஒரு படுக்கை, ரெண்டு தம்பிங்க. அவ்ளோதான் கொண்டாந்தது" என்பார் பாட்டி.

வியாசர்பாடியில் ஒரு குடிசையில் ஆரம்பித்தது வாழ்க்கை. ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கௌஸ்வே சாப்பிட்ட பிள்ளைகள், இங்கேயும் ஞாயிற்றுக்கிழமையானால் கேட்குமே? அம்மாவும் செய்தார். கடலை மாவு கரைத்த தண்ணீர், துளி தேங்காய்ப்பால், மிளகாய், கைப்பிடி நூடுல்ஸ். கோழி மட்டும் கிடையாது.

"கோழி எங்கம்மான்னு தம்பிங்க கேப்பானுங்க. 'கப்பல் ஏறச்சொல்ல பறந்துபோச்சுடா, வழி தெரிஞ்சு வந்துரும்'னு சொல்லும் எங்கம்மா. அதை நம்பி என் சின்னத் தம்பி தெனம் சாயங்காலம் வாசல்ல போயி நிப்பான்."

1969-ல் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உண்டானது. தாயகம் திரும்பியவர்கள் பிழைத்துக்கொள்ளக் கிடைத்த இடம். பாட்டியின் அப்பாவும் அங்கே சின்னதாக ஒரு கடை போட்டார். முதல் மாத லாபத்தில் வாங்கிக்கொண்டு வந்தது அரைக் கிலோ கோழி!

"நாலு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சு வந்துருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார் பாட்டி. கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

பிறகு பிள்ளைக்கு இந்தப் பக்கம் வேலை கிடைத்து, சேலையூருக்குக் குடிவந்தார். பேரன்கள் அத்தோ கடைக்குப் போகிறார்கள். வீட்டில் கௌஸ்வே செய்ய ஆளில்லை. பாட்டிக்கு முட்டிவலி, தேங்காய் துருவக் கை ஒத்துழைப்பதில்லை. செய்முறையோ எழுத்தில் கிடையாது. எல்லாம் கை அளவு, கண் அளவு.

போன மழைக்காலத்தில் ஒருநாள் என் சகதர்மிணி நோட்டும் பேனாவுமாகப் பாட்டி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். பாட்டி கடலை மாவைக் கையில் அள்ளும்போதெல்லாம், நடுவில் ஸ்பூனை நீட்டி அளந்துகொண்டாள். "இன்னாடி இது, ரேஷன் கடை மாதிரி!" என்று பாட்டி அலுத்துக்கொண்டாலும், கணக்கு நோட்டில் ஏறிவிட்டது. அதைத்தான் இங்கே தருகிறேன்.

செய்முறை (நாலு பேருக்கு)

எலும்போடு கோழி அரைக் கிலோ. கழுத்து, இறக்கை இருந்தால் விசேஷம். சாறு அங்கேதான் இருக்கிறது. இஞ்சி ஒரு துண்டைத் தட்டிப்போட்டு, மஞ்சள்தூள், உப்போடு ஆறு டம்ளர் பச்சைத் தண்ணீரில் வைத்துச் சின்னத் தீயில் கொதிக்கவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கோழியைப் போடுவதைவிட, பச்சைத் தண்ணீரிலிருந்து மெதுவாகச் சூடேற்றினால் சாறு நன்றாக இறங்கும். மேலே வரும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். பிராய்லர் என்றால் நாற்பது நிமிஷம். நாட்டுக்கோழி என்றால் அது முடிவு செய்கிற நேரம்! வெந்ததும் கோழியை எடுத்து, எலும்பு நீக்கிப் பிய்த்து வையுங்கள்.

சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், இஞ்சி ஒரு துண்டு, வெந்நீரில் ஊறவைத்த காய்ந்த மிளகாய் ஆறு. இவற்றை நைசாக அரைத்து, மூன்று ஸ்பூன் எண்ணெயில் பச்சை வாசனை போக வதக்குங்கள். எண்ணெய் பிரிந்து வரவேண்டும். இதில் அவசரப்பட்டால் சூப் முழுக்கப் பச்சை வெங்காயம் நாறும். பிய்த்த கோழியைப் போட்டு இரண்டு புரட்டு புரட்டுங்கள்.

அடுத்தது கடலை மாவு. சூப்புக்கு உடம்பு கொடுப்பது இதுதான். குவித்து மூன்று ஸ்பூன் எடுத்து, வெறும் வாணலியில் வாசனை வர வறுத்து ஆறவைத்து, பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். சூட்டோடு சூடாகக் கொதிக்கும் சாற்றில் கொட்டினால் மேல்மாவு வெந்து, உள்மாவு மாட்டிக்கொண்டு கட்டி தட்டும். பிறகு கௌஸ்வேயில் பக்கோடா கிடைக்கும்.

ஒரு தேங்காயைத் துருவி, கெட்டிப்பால் ஒரு டம்ளரும் இரண்டாம் பால் இரண்டு டம்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள். கோழிச் சாறு, இரண்டாம் பால், கரைத்த மாவு மூன்றையும் மசாலாவோடு சேர்த்து, அடிப்பிடிக்காமல் கிளறியபடி பதினைந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். கடைசியில் கெட்டிப்பால். அதை ஊற்றியபிறகு தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரிந்த மாதிரி பிரிந்துவிடும். ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடவேண்டும். இறக்கியதும் கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒரு ஸ்பூன்.

நூடுல்ஸ் இருநூறு கிராம். தனியாக வேகவைத்து, வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிரட்டி வையுங்கள். கிண்ணத்தில் முதலில் நூடுல்ஸ், அதன்மேல் கொதிக்கக் கொதிக்க சூப். பாதி வெட்டிய அவித்த முட்டை, வறுத்த வெங்காயம், கொத்துமல்லி, நொறுக்கிய தட்டை, எண்ணெயில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த மிளகாய் எல்லாம் மேலே. எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில்தான் பிழியவேண்டும். பாத்திரத்தில் பிழிந்தால் புளிப்பு பட்டுத் தேங்காய்ப்பால் திரியும்.

இன்னொன்று. தேங்காய்ப்பால் சேர்த்த சூப்பை மறுநாளைக்கு வைக்காதீர்கள். கோழிச் சாற்றையும் வதக்கிய மசாலாவையும் ஆறியவுடன் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டு, புதிதாகப் பால் பிழிந்து சேர்த்துக்கொள்ளலாம்.

தும்மல் நிற்குமா, ஸார்?

நியாயமான கேள்வி. 1978-ல் அமெரிக்காவில், மயாமி பீச்சில் சில டாக்டர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். சூடான கோழி சூப் குடித்தவர்களுக்கு மூக்குச் சளி வேகமாக நகர்ந்தது. ஆனால் அரைமணி நேரத்தில் பழைய குருடி, கதவைத் திறடி! 2000-ம் ஆண்டில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து டாக்டர் ஸ்டீபன் ரென்னார்ட் இன்னொரு ஆராய்ச்சி வெளியிட்டார். சளி பிடித்தால் வீக்கத்தை உண்டாக்குகிற ஒரு வகை வெள்ளை அணுக்களின் ஓட்டத்தைக் கோழி சூப் மட்டுப்படுத்துகிறது என்றார். சோதனைக்கூடக் குழாயில் நடந்த பரீட்சை, மனிதர்களிடம் அல்ல. அவர் எடுத்துக்கொண்டது யாருடைய சூப் தெரியுமா? மனைவியின் பாட்டி செய்முறை! அமெரிக்காவிலும் பெண் வீட்டுச் சமையலைக் குறை சொல்ல யாருக்கும் தைரியமில்லை போலிருக்கிறது.

ஆக, சூப் ஜுரத்தைக் குணப்படுத்தாது. மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் இருந்தால் டாக்டரிடம் போகவேண்டும். ஆனால் ஜுரம் விட்டும் நாக்கு செத்துக் கிடக்கிற நாட்களில், ஒரு கிண்ணம் உள்ளே போவதே பெரிய விஷயம். என் மாமனார் போன கார்த்திகையில் நாலு நாளாகக் கஞ்சியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர், "அது என்ன வாசனை?" என்று எழுந்து உட்கார்ந்தது இந்த சூப்புக்குத்தான்.

காரம் அதிகமாகிவிட்டால் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் தேங்காய்ப்பால் சூப்பில் ஆறு மிளகாய்கூட அடங்கிப் போகிறது. சூடு பட்டால் 'சுடுது' என்று மூளைக்குச் சொல்கிற அதே நரம்பு வாசலைத்தான் மிளகாயும் தட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசே கிடைத்தது. சூடும் காரமும் சேர்ந்து வரும்போது கண்ணில் தண்ணீர் வந்தால், அது உங்கள் தப்பில்லை. இரண்டு வாய் மோர் குடியுங்கள், சரியாகிவிடும்.

அளவு நாலு பேருக்குச் சொன்னேனே தவிர, எங்கள் வீட்டில் எப்போதும் ஐந்து கிண்ணம். ஐந்தாவது, தட்டு போட்டு மூடிப் பாட்டி வீட்டுக்குப் போகும். முதல் கரண்டியை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக முழுங்குவார். நாங்கள் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோல நிற்போம். இதுவரை கொடுத்த சர்ட்டிஃபிகேட் ஒன்றே ஒன்றுதான்:

"காரம் பத்தலை, கண்ணு!"

ஆனால், கிண்ணம் எப்போதும் காலியாகத்தான் திரும்பி வருகிறது.