கேமில் திட்டுபவர்கள் யார், என்ன செய்யலாம்?

ஆன்லைனில் குழுவாக ஆடும் கேம்களில் திட்டு வாங்காமல் யாரும் தப்பியதில்லை. 'நூப்' (கத்துக்குட்டி), 'கேமை டெலீட் பண்ணிட்டுப் போ' என்பதெல்லாம் அங்கே மரியாதையான ரகம். அதற்கு மேல் போனால் வீட்டுப் பெண்களை இழுப்பார்கள். பெண் குரல் மைக்கில் கேட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் நல்ல உதாரணம். ரயட் கேம்ஸ் நிறுவனம் 2009 அக்டோபரில் வெளியிட்ட கேம் அது. அணிக்கு ஐந்து பேர். கூட ஆடும் நால்வரும் பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள். ஆட்டம் அரை மணி நேரம் ஓடும், பாதியில் கிளம்பினால் தண்டனை உண்டு. நீங்கள் ஒருமுறை செத்தால் கொன்றவனுக்குப் பொதுவாக 300 தங்கம் போகும். அதை வைத்து அவன் வாங்கும் ஆயுதம் உங்கள் அணியில் எல்லோரையும் பதம் பார்க்கும். அதாவது, நீங்கள் செய்த தப்புக்கு நான் அடி வாங்க வேண்டும்.

செத்ததும் திரை சாம்பல் நிறமாகிவிடும். ஆரம்பத்தில் சில நொடிகளில் உயிர் வந்துவிடும். ஆட்டம் முற்றிய பிறகு அரை நிமிடத்துக்கும் மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஆத்திரம் தலைக்கேறியிருக்கிறது, கைக்கு வேலை இல்லை, திரையின் மூலையில் சாட் பெட்டி திறந்திருக்கிறது. வசவில் கணிசமான பங்கு இந்த நொடிகளில்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

'நாலு பொறுக்கிகள் செய்கிற வேலை, அவர்களைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்' என்றுதான் நமக்குத் தோன்றும். ரயட்டில் வீரர்களின் நடத்தையை ஆராய்ந்த குழுவை நடத்தியவர் ஜெஃப்ரி லின். நரம்பியல் படித்தவர். அவருடைய கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஓயாமல் திட்டுகிறவர்கள் ஏறக்குறைய 1 சதவீதம் பேர். மொத்த வசவில் அவர்கள் பங்கு சுமார் 5 சதவீதம் மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடிவிட்டு அன்றைக்கு மட்டும் எரிச்சலில் இருந்த சாதாரண ஆட்களிடமிருந்து வந்தது.

அதனால் தடை போடுவதோடு வேலை முடியவில்லை. எதிரணியோடு பேசும் சாட்டை ரயட்காரர்கள் தானாகவே அணைந்திருக்கும்படி வைத்துப் பார்த்தார்கள்; வேண்டியவர் அமைப்புகளுக்குள் போய்த் திறந்துகொள்ளலாம். முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டால் கெட்ட பேச்சு 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, நல்ல பேச்சு ஏறக்குறைய 35 சதவீதம் கூடியது. பேச்சின் அளவு மட்டும் குறையவே இல்லை! ஒரு பொத்தானைத் தேடிப் போகிற அந்தச் சின்ன வேலையே பலருடைய வாயைச் சுத்தம் செய்திருக்கிறது. 2011இல் அவர்கள் தொடங்கிய 'ட்ரிப்யூனல்' இன்னொரு முயற்சி. புகாரான சாட்டை மற்ற வீரர்களே படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். யோசனை அருமை, தீர்ப்புதான் மெதுவாக வந்தது. 2014இல் மூடிவிட்டார்கள். (குறும்பான வழியும் இருக்கிறது: ஓவர்வாட்ச் என்ற கேமில் ஜெயித்தவர் 'ஜிஜி இஸி' (நல்ல ஆட்டம், ரொம்ப ஈஸி) என்று சீண்டினால், தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிற மாதிரி ஒரு வரியாக அதைக் கேமே மாற்றிக் காட்டிவிடும்.)

சரி, ஆடுகிற நீங்கள் என்ன செய்யலாம்? முதல் வசவு விழுந்ததுமே மியூட் செய்யுங்கள், மூன்றாவது வரைக்கும் பொறுக்க வேண்டியதில்லை. லீக்கில் டேப் கீயை அழுத்தினால் வரும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் அந்த வசதி உண்டு. அணிக்குக் குறிகளால் சைகை காட்டும் பிங்கையும் சேர்த்து அணையுங்கள். வாயை அடைத்தால் கை பேசும்: செத்துக் கிடக்கிறவர் மேல் கேள்விக்குறியைக் குத்திக்கொண்டே இருப்பார்கள். இப்படிச் சீண்டுவதற்கே பயன்பட்டதால் ஒரு பிங்கை 2023இல் ரயட்டே நீக்கிவிட்டது.

பதிலுக்குத் திட்டாதீர்கள். விசாரணைக்குப் போனால் சாட்டில் உங்கள் வரிகளும் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் ரிப்போர்ட் செய்யும்போது காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வேண்டுமென்றே போய்ச் சாவது வேறு, திட்டுவது வேறு. மோசமாக ஆடுவது குற்றமே இல்லை, அதற்கும் ரிப்போர்ட் அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றாலும்.

மிரட்டல் என்றால் கதையே வேறு. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் இருவர் கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தில் ஒன்றரை டாலர் பந்தயத்துக்காகச் சண்டை போட்டார்கள். ஒருவர் வீம்புக்கு விசிட்டா நகரத்திலுள்ள ஒரு பழைய முகவரியைக் கொடுத்தார். அதை நம்பி, அந்த வீட்டில் கொலை நடந்ததாகப் போலீசுக்குப் பொய்த் தகவல் கொடுக்கப்பட்டது. கதவைத் திறந்து வந்தவரைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். கேமுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. பொய்த் தகவல் கொடுத்தவருக்கு 20 ஆண்டு சிறை.

ஆகவே ஊர், பள்ளி, போன் எண், முகவரி எதையும் சாட்டில் கொடுக்கக் கூடாது, பொய்யாகக்கூட. மிரட்டினால் மியூட் செய்வதற்கு முன் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதைக் கொடுக்கலாம்.