கணிப்பொறிக்கும் தண்ணீர் வேண்டும்

வங்கிக் கணக்கு, பட்டா நகல், கைப்பேசியில் எடுத்த படம் ஆகிய யாவும் எங்கோ ஓரிடத்தில் கணிப்பொறிகளில் பதிவாகி இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை ஒரே கூரையின் கீழ் வைத்து இரவு பகலாக இயக்கும் இடம் ‘டேட்டா சென்டர்’ எனப்படும் தரவு மையமாகும். இதற்கு மின்சாரத்துடன் தண்ணீரும் ஏராளமாகத் தேவைப்படுகிறது.

நீர் செலவாகும் விதம்

கணிப்பொறி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. வெப்பத்தை அகற்றாவிடில் கருவிகள் பழுதாகும். மண்பானையில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது அல்லவா? பல தரவு மையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களும் இவ்விதமே வேலை செய்கின்றன. சூடான நீரை மேலிருந்து விழச் செய்து, விசிறியால் காற்றைச் செலுத்துகின்றனர். ஒரு பகுதி ஆவியாகி, மீதி நீர் குளிர்ந்து மறுபடியும் பயன்படுகிறது.

இம்முறையில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்கும் வெப்பத்தை அகற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக வேண்டும். நாளொன்றுக்கு 24,000 யூனிட் வெப்பத்தை இவ்வாறு அகற்றினால் சுமார் 36,000 லிட்டர் நீர் செலவாகும். ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்வதால், தொட்டி நீரில் உப்பு ஏறுகிறது. எனவே அவ்வப்போது பழைய நீரை வெளியேற்றிப் புது நீர் விடுகின்றனர்.

ஆரிகன் அனுபவம்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம் தி டால்ஸ். சுற்றிலும் செர்ரித் தோட்டங்கள். இங்கு 2006 முதல் கூகுள் நிறுவனத்தின் தரவு மையம் இயங்குகிறது. அது எவ்வளவு நீர் எடுக்கிறது என்று ‘ஆரிகோனியன்’ நாளிதழ் 2021-ல் கேட்டது. வணிக ரகசியம் என்று கூறி நகராட்சி நீதிமன்றம் சென்றது. வழக்கு 2022 டிசம்பரில் சமரசமாக முடிந்து, கணக்கு வெளியாயிற்று. 2021-ல் மட்டும் சுமார் 134 கோடி லிட்டர்! நகரின் மொத்த நீர் உபயோகத்தில் இது கால் பங்குக்கும் மேல்.

ஒரு போக நெல்லுக்கு 1,200 மி.மீ. நீர் என்று கொண்டால், இது சுமார் 275 ஏக்கருக்குப் போதுமான அளவு. பெரிய பாசனத் திட்டத்தின் முன் இது சிறிது. ஆனால் ஒரு சிறு நகரின் குடிநீர் ஆதாரத்திற்கு இது பெருஞ்சுமை.

மாற்று வழிகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டக்ளஸ் கவுண்டியில் உள்ள மையம் சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துகிறது. பின்லாந்தின் ஹமினாவில் கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கின்றனர். காற்றைக் கொண்டே குளிர்விப்பதும் உண்டு; நீர் மிச்சமாகும், மின்சாரச் செலவு கூடும்.

இத்தகைய மையம் வரவிருக்கும் பகுதி விவசாயிகள் முன்கூட்டியே கேட்டறிய வேண்டியவை மூன்று:

1. நீர் ஆறு, கிணறு, கழிவுநீர் ஆகியவற்றில் எதிலிருந்து எடுக்கப்படும்?
2. கோடையில் நாளொன்றுக்கு அதிகபட்சம் எத்தனை லிட்டர்?
3. வெளியேற்றும் உப்பு நீர் எங்கே விடப்படும்?

ஒப்பந்தம் முடியுமுன் இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் பெறுவது நல்லது. அளவு தெரியாத நீரைப் பங்கிட யாராலும் இயலாது.