பருப்பில் கைவைக்காத சிக்கனம்

திருவல்லிக்கேணி மேன்சன்களிலும் அண்ணா நகர் பயிற்சி மையங்களைச் சுற்றியுள்ள அறைகளிலும் தங்கிப் படிப்பவர்களின் மாதக் கணக்கில், வாடகையும் கட்டணமும் போக மிஞ்சுவதுதான் சாப்பாட்டுக்கு. வாடகையைக் குறைக்க முடியாது, கட்டணத்தையும் குறைக்க முடியாது. கை போவது தட்டின் பக்கம்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தட்டில் எது முதலில் குறைகிறது என்று பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். மாதம் பாதி தாண்டியதும் பருப்பு தண்ணீராகும்; அடுத்து தயிர் நிற்கும்; மாலை நேரச் சுண்டல் பிஸ்கட்டாக மாறும். கடைசிவரை குறையாமல் இருப்பது சோறு. சோறும் ஊறுகாயும், சோறும் ரசமும், இரவுக்கு ஒரு பாக்கெட் நூடுல்ஸ் என்று நாள் ஓடிவிடும். வயிறு நிறைந்துவிடுவதால் சிக்கனம் வென்றதாகவே தோன்றும். சைவச் சமையலில் காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவர் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது: பருப்பின் அளவை முதலில் நிறுத்திவைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேச வேண்டும்.

சோறு மட்டும் போதாது என்பது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி இல்லை. அது தமிழ்நாட்டு மண்ணிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து வளர்ந்தது. 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. இந்தியாவின் பல வட்டாரங்களில் மக்கள் சாப்பிடுவதையே எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை மெக்கரிசன் ஒப்பிட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்தவை திடமாக இருந்தன. அரிசியே பெரும்பங்காக அமைந்த சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை வரிசையின் கடைசிப் பக்கம் நின்றன. எலிக்கும் மனிதருக்கும் இடையே தூரம் உண்டு, ஒரு மாகாணம் முழுவதும் ஒரே சாப்பாடு சாப்பிட்டதும் இல்லை. அரிசியைக் குற்றவாளியாக்கவும் இதிலிருந்து வழியில்லை, ஏனென்றால் அந்தத் தட்டில் அரிசியைவிட அதன் துணைகளின் வறுமைதான் பெரிது. மாதக் கடைசியில் மேன்சன் அறையில் உருவாகும் தட்டும் ஏறக்குறைய அதே தட்டுதான்.

இப்போது ரூபாய்க் கணக்குக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி கொண்ட ஒரு நாள் தட்டுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கொட்டை வகை 35 கிராம், பால் 300 மில்லி, காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்று வகுக்கிறது. மொத்தச் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் எண்ணம். நம் அறைகளில் அந்தப் பங்கு எங்கே நிற்கும் என்பதை வாசகரே யூகிக்கலாம். உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்ற இந்திய அளவின்படி, 65 கிலோ எடையுள்ள இளைஞருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் வேண்டும். பருப்பு எதுவானாலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேலாகவே புரதம் இருக்கும். வேர்க்கடலையில் 25 கிராம் அளவில். மீல் மேக்கரில் 50 கிராமைத் தாண்டும். துவரம்பருப்பு கிலோ 160 ரூபாய் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 85 கிராமுக்கு 14 ரூபாய்தான் ஆகிறது. வேர்க்கடலை கிலோ 150 என்றால் 35 கிராமுக்கு ஐந்தேகால் ரூபாய். இருபது ரூபாய்க்குள் ஒரு நாளின் புரதத் தேவையில் பாதி முடிந்துவிடுகிறது. டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட் மலிவுதான், ஆனால் அதன் புரதம் ஆறு கிராம் அளவிலேயே நிற்கிறது. குடும்ப அட்டை இருக்கும் வீட்டில் ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளை முறுக்கோடு அதிலும் ஒரு கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் கணக்கு இன்னும் இறங்கும்.

சமைக்கத் தெரிய வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில், மிகக் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்பதே. அரிசி 100 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம். கழுவி, மூன்றரை மடங்கு தண்ணீர் விட்டு, மஞ்சள்தூள், உப்பு, நறுக்கிய தக்காளி, கைப்பிடி கீரை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் குக்கரில் மூன்று நான்கு விசில் விட்டால் ஒருவருக்கு நிறைவான சாப்பாடு. இருபது கிராம் அளவுக்குப் புரதம் அதிலேயே இருக்கிறது. எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் அதைக் கஞ்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள். எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் மட்டும் இருக்கிறவருக்குப் பாசிப்பருப்பும் மைசூர்ப்பருப்பும் நல்ல தோழர்கள், இரண்டும் ஊறவைக்காமலே வெந்துவிடும். துவரம்பருப்பை அரை மணி ஊறவைக்க வேண்டும். 700 வாட் குக்கர் அரை மணி ஓடினால் மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் சொச்சம். வீட்டுக்காரர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்கினாலும் நான்கு ரூபாயைத் தாண்டாது. கொண்டைக்கடலையை இரவு ஊறப்போட்டால் காலையில் பிரஷர் குக்கரில் வேகவைக்கலாம். அதில் பாதி சுண்டலுக்கு, பாதி குழம்புக்கு. ராஜ்மா மட்டும் ரைஸ் குக்கர் பக்கமே வர வேண்டாம். அதில் இயற்கையாக உள்ள ஒரு நச்சுப்பொருள் கொதிநிலையில் நன்றாக வெந்தால்தான் அழியும், அரைவேக்காட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிரஷர் குக்கரில் அந்தக் கவலை இல்லை.

நேரம் எங்கே என்பது எல்லோரும் எழுப்பும் தடை. உண்மையில் அடுப்படியில் நிற்கும் நேரம் பத்து நிமிடம்கூட வராது. மெஸ்ஸுக்கு நடந்துபோய் இடம்பிடித்துத் திரும்புவதைவிட அது குறைவு. ஆளைச் சோர்வடையச் செய்வது பாத்திரம் கழுவுவது. அறை நண்பர்களுக்குள் சண்டை மூள்வதும் பெரும்பாலும் அங்கேதான், ருசியில் இல்லை. ஆகவே மாணவர் சமையலை எத்தனை பாத்திரம் அழுக்காகிறது என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சாதம், சாம்பார், பொரியல், அப்பளம் என்று வீட்டுச் சாப்பாட்டை அப்படியே அறையில் நடத்த முயல்கிறவர் இரண்டாவது வாரத்தில் கைவிடுவார். ஒரு குக்கரும் ஒரு தாளிப்புக் கரண்டியும் போதும் என்று இறங்குகிறவர் தேர்வு முடியும்வரை நிற்பார். இதைவிடக் கனமான தடை, விடுதியில் அடுப்பே கூடாது என்கிற விதி. அங்கே சமையல் ஆலோசனை வீண்தான். ஆனால் விடுதித் தட்டில் சோறு தாராளமாகவே விழுகிறது, குறைவது பருப்பு மட்டும். அந்தக் குறையை அடுப்பில்லாமலே நிரப்பலாம்: பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, தயிரில் பத்து நிமிடம் ஊறிய அவல், வீட்டிலிருந்து டப்பாவில் வரும் பருப்புப்பொடி. பருப்புப்பொடியைச் சோற்றுக்கு வாசனை காட்டுவதுபோல் தூவாமல், இரண்டு மூன்று கரண்டி போட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைய வேண்டும்.

அம்மா உணவகம் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். 2013-ல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அந்த உணவகங்களில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்று வைத்த விலைக்கு எந்த அறைச் சமையலும் ஈடுகொடுக்க முடியாது. பக்கத்தில் இருந்தால் தயங்காமல் போகலாம், மானியம் அதற்குத்தான். ஆனால் அந்தத் தட்டிலும் எடை சோற்றின் பக்கமே சாய்கிறது. அங்கே சாப்பிட்டு மிச்சப்பட்ட இருபது ரூபாய் அறையில் வேகும் பாசிப்பயறாக மாறினால்தான் அந்த மலிவு உடம்பில் ஒட்டும். ‘சைவத்தில் முழுப் புரதம் கிடையாது’ என்ற ஜிம் பக்கத்துப் பேச்சுக்கும் ஒரு பதில் வேண்டும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசியில் அது போதுமான அளவு. இரண்டும் ஒரு நாளின் உணவில் சேர்ந்தாலே குறை தீர்ந்துவிடுகிறது. பொங்கலும் அடையும் இட்லியும் இந்தச் சேர்க்கையை வேதியியல் பிறப்பதற்கு முன்பே நடத்திவந்தவை. இதையும் மீறி நிற்கும் குறை பி12. அது செடிகொடிகளில் இல்லை; பாலிலும் தயிரிலும் உண்டு. பருப்புக்கு அடுத்து வெட்டக் கூடாதது தயிர் என்பதற்கு இதுவே காரணம். பாலும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வதே நியாயம். இரும்புச்சத்தும் சின்ன விஷயமில்லை: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்காது, ஆனால் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் கூடுதலாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைத் தடுக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதற்குச் செலவே இல்லை.

வாயு பிடிக்கும் என்ற பயம் வீட்டுப் பெரியவர்கள் கொடுத்து அனுப்பியது. அதில் உண்மையும் உண்டு. முழுப்பயறுகளை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, பெருங்காயமும் சேர்த்து, முதல் இரண்டு வாரம் கொஞ்சமாகத் தொடங்கினால் பெரும்பாலான வயிறுகள் பழகிக்கொள்ளும். தினமும் அதேதானா என்ற சலிப்புக்கு மருந்து தாளிப்பில் இருக்கிறது. அதே வெந்த பருப்பு ஒரு நாள் மிளகு சீரகத்தோடு பொங்கல் பக்கம் போகும், மறுநாள் புளித்தண்ணீர் சேர்ந்து சாம்பாராகும், இன்னொரு நாள் பூண்டும் பச்சைமிளகாயும் வதக்கிக் கொட்டினால் தால் ஆகிவிடும். மனம் நூடுல்ஸையே கேட்கிற இரவும் வரும். அன்றைக்கு அதிலேயே கைப்பிடி மீல் மேக்கரைப் போட்டுவிட வேண்டியதுதான்.

பருப்பை நிறுத்திவைத்தால் பேரம் எங்கே பேசுவது? நிச்சயமாகக் காய்கறியில். வழிகாட்டி சொல்லும் 400 கிராம் காயும் 100 கிராம் பழமும்தான் ஏழை மாணவரின் தட்டில் உண்மையிலேயே விலை கூடியவை. அந்த அளவை நகரத்தில் எட்டுவது எளிது என்று எழுதினால் அது பொய். ஆனால் பீன்ஸும் காலிஃபிளவரும் விலையேறிய வாரத்தில் பூசணி, முட்டைகோஸ், முள்ளங்கி, சுரைக்காய் இறங்கியிருக்கும். இரவில் கடை கட்டும் நேரத்தில் கூறு கட்டி விற்பதை வாங்கினால் ஒரு குக்கருக்கு வேண்டியது கிடைத்துவிடும். பழத்துக்கு வாழையும் கொய்யாவும் போதும். ஆப்பிளைத் தேட வேண்டியதில்லை. அடுத்த பேரம் பொட்டலங்களில். ஐந்து ரூபாய் மசாலாப் பாக்கெட், சிறு எண்ணெய்ப் பாக்கெட், சிறு தயிர்க் கோப்பை எல்லாம் கிராம் கணக்கில் பார்த்தால் விலை கூடியவை. நாளுக்கு நாள் காசு புரட்டுகிறவர் அவற்றிலேயே மாட்டிக்கொள்கிறார். மூன்று பேர் மாதத் தொடக்கத்தில் காசு போட்டு மளிகைக் கடையில் கிலோக் கணக்கில் எடுத்தால் இந்தப் பொறி விலகும். மூன்று லிட்டர் பிரஷர் குக்கரும் அந்தக் கூட்டுக் கணக்கில் வாங்க வேண்டிய பொருள்தான். படிப்பு முடித்துக் காலி செய்கிறவர்கள் அடுத்து வருகிறவர்களுக்கு அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போகலாம். வாங்குகிறவர் கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டும்.