யப்பானிய மொழியிற் கொடுத்தலும் பெறுதலும்

யப்பானிய மொழியைக் கற்கப் புகுவார் முதலில் அஞ்சுவது அதன் எழுத்துக்களையே. ஆயின் ஹிரகானா, கத்தகானா எனும் இருவகை அசையெழுத்துக்களும், வகைக்கு 46 ஆக, சில கிழமைகளிற் பயின்றுவிடத்தக்கவை. அவற்றை அடுக்கும் முறை தமிழ் மாணாக்கனுக்கு முற்றிலும் புதிதுமன்று. உயிர் ஐந்தும் முன்னிற்க, ககரம் முதலாக ஏனைய ஒலியினங்கள் தொடரும் அவ்வரிசை, பௌத்த நூல்களுடன் அந்நாட்டை அடைந்த சித்தம் எனும் இந்திய எழுத்துப் பயிற்சியின் வழிவந்தது. அடுத்து வருவன சீன எழுத்துக்கள். பொதுப் பயன்பாட்டுக்கென 2010 ஆம் ஆண்டு வகுத்த பட்டியலில் அவை 2,136. இது பெருஞ்சுமையே; எனினும் உழைப்பினால் தீரும் சுமை. உழைப்பு மட்டும் தீர்க்கமாட்டாத இடர் ஒன்று இடைநிலையிலேதான் எதிர்ப்படுகின்றது.

1984 இல் தொடங்கிய யப்பானிய மொழித்திறன் தேர்வு முதலில் நான்கு படிகளையே உடையதாயிருந்தது. கீழிரண்டு படிகளுக்கும் மேலிரண்டு படிகளுக்கும் இடையே கிடந்த தூரம் மாணாக்கர்க்குப் பெரிதாயிருந்தமையின், 2010 இல் நடுவே ஒரு படி புதிதாகச் செருகப்பட்டது. அத்தூரத்தைச் சொற்றொகையால் மட்டும் அளந்துவிடலாகாது. பேசுவோன் எங்கு நின்று பேசுகின்றான் என்பதை அறியாத வரையில், பிழையற்ற வாக்கியமும் பிழையாகவே ஒலிக்கும் என்பது இந்நிலையிற்றான் புலனாகும்.

ஓர் எடுத்துக்காட்டு நோக்குவாம். நண்பன் ஒருவன் மாணாக்கனின் பெட்டியை நிலையம் வரையும் சுமந்து வந்தான். ‘நண்பன் பெட்டியைச் சுமந்தான்’ என்பதை யப்பானிய மொழியிற் சொல்ல இலக்கணத் தடை யாதுமில்லை. ஆயின் கேட்கும் யப்பானியர்க்கு அது காவல் நிலையத்து முறைப்பாடு போன்று தோன்றும்; செய்தி இருக்கும், நன்றி இராது. சுமந்தான் என்னும் வினையோடு ‘குரெரு’ எனும் துணைவினை சேர்ந்து, ‘சுமந்து தந்தான்’ என வரவேண்டும். அதே நிகழ்ச்சியைப் பெற்றவன் பக்கம் நின்று கூறின் ‘மொரவு’ எனும் வினை வரும்: நண்பனாற் சுமக்கப்பெற்றேன் என்பது போன்ற பொருள். இவன் பிறர்க்குச் செய்ததாயின் ‘அகெரு’. இதன் நேர்ப்பொருள் மேலே உயர்த்துதல் என்பதாம். ஆகவே தான் செய்த உதவியை இவ்வினையாற் சொல்லும்போதும் எச்சரிக்கை வேண்டும். பெரியார் ஒருவர் முகத்துக்கெதிரே ‘உங்களுக்காகச் சுமந்து அகெரு’ என்று கூறுதல், பணிவுபோல் தோன்றிச் செய்ந்நன்றியை நினைவூட்டும் செருக்காய் முடியும். நல்லெண்ணத்துடன் பேசிய மாணாக்கன், எதிரிலிருப்பவர் ஏன் ஒரு கணம் மௌனமானார் என்று அறியாமலே வீடு திரும்புவான்.

தமிழ் கற்றார்க்கு இவ்விடத்திலே தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்குரியன, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்குரியன எனவும், ஈ, தா, கொடு எனும் மூன்றும் இரப்போன் நிலைக்கேற்ப வேறுபடும் எனவும் சொல்லதிகாரம் விதித்தது. இன்றைய பேச்சில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிட்டது. யப்பானில் அத்தகையதொரு வேறுபாடு நாள்தோறும் உயிரோடு நடமாடுகின்றது. ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கொள்ளல் தவறு. யப்பானிய எல்லை இடத்தால் மட்டுமன்றி நெருக்கத்தாலும் அமைவது. தங்கைக்கு அயலார் ஒருவர் பழம் அளித்தாலும் ‘குரெரு’ என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் தங்கை ‘உச்சி’யைச் சேர்ந்தவள், அயலார் ‘சொத்தோ’வைச் சேர்ந்தவர். உச்சி என்பது உள்ளிடத்தையும் வீட்டையும் ஒருங்கே குறிக்கும் சொல். தமிழில் அகம் என்பதும் அவ்விரண்டையும் குறிப்பதன்றோ! சொத்தோ என்பது புறம்.

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டு இரு மொழிகளும் ஓரினம் எனத் துணிந்தார் உளர். ஓனோ சுசுமு எனும் யப்பானிய அறிஞர் 1980களில் அக்கொள்கையை விரித்துரைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் இணைந்து ஆராய்ந்தனர். மொழியியலாரிற் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். மாணாக்கனுக்கு அவ்வழக்கின் தீர்ப்பு வேண்டுவதில்லை. ‘உண்டு பார்த்தல்’, ‘வாங்கி வைத்தல்’ என்பனவற்றை யப்பானியரும் பார்த்தல், வைத்தல் எனும் வினைகளைக் கொண்டே சொல்வர் என அறிந்து மகிழ்ந்து, மேலே நடத்தலே அவனுக்குப் பயன்.

உதவி செய்வது மனிதனாகவே இருக்கவேண்டும் என்பதுமில்லை. வாடிய வயலைப் பார்த்து நின்ற உழவன், மழை பெய்தபோது அதனைக் ‘குரெரு’ சேர்த்துச் சொல்வான்: மழை பெய்து தந்தது. குடையின்றி வழியில் நனைந்தவனோ அதே மழையைச் செயப்பாட்டு வினையாற் சொல்வான்: மழையாற் பெய்யப்பட்டேன். தமிழில் இவ்வாறு கூறின் நகைப்புக்கிடமாகும். யப்பானிய மொழியில் இதுவே இயல்பு. இங்கு மழை வெறும் மழையன்று. யாரோ ஒருவர்மேற் பெய்த மழை. நிகழ்ச்சியை அது தாக்கிய மனத்தோடு சேர்த்தே சொல்லும் இப்பழக்கத்தை இலக்கண நூல்கள் சில பக்கங்களில் முடித்துவிடுகின்றன. அவை இன்னும் சற்றுத் தங்கியிருக்கலாம்.

இன்னோரன்ன அன்றாடச் சொற்களிலிருந்தே தம் மெய்யியலைத் தொடங்கியவர் வாட்சுஜி தெட்சுரோ (1889–1960). மனிதனைக் குறிக்கும் ‘நிங்கென்’ என்னும் சொல் இரண்டு எழுத்துக்களால் ஆவது. முன்னது ஆள், பின்னது இடைவெளி. மனிதன் என்பவன் தனித்து நிற்கும் ஓர் உயிரல்லன், ஆட்களுக்கு இடையே நிகழ்வதும் அவனே என்று கொண்டு, 1934 ஆம் ஆண்டு நூலிலும், 1937 முதல் 1949 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘அறவியல்’ எனும் பெருநூலிலும் அவர் தம் கொள்கையை நிறுவினார். கொடுத்தல் பெறுதல் வினைகளோடு போராடிய மாணாக்கனுக்கு இக்கொள்கை அந்நியமாய்த் தோன்றாது. எனினும் சொல்லின் உறுப்புக்களைப் பிரித்து அதனின்று உண்மையை வடித்தெடுத்தல் வழுக்குநிலம். அச்சொல் பௌத்த நூல்களில் முதலிற் குறித்தது மக்கள் வாழும் உலகை என்பதை வாட்சுஜியே அறிவார். தனியாளை முழுமையினுள் கரையவிட்டு அரசுக்கு உயரிடம் அளித்தார் என்ற குறையும் அவர்மேற் சாற்றப்பட்டது. போர்க்காலமாகிய 1942 இல் வெளிவந்த இரண்டாம் பகுதியைப் போரின் பின் அவரே திருத்தினார்.

வாட்சுஜியின் நூல்கள் இடைநிலை மாணாக்கனுக்கு அரியன. அவன் கைக்கு அணுக்கமானது ‘ஸுயிஹிட்சு’ எனும் கட்டுரை வகை. தூரிகை சென்றவழிச் செல்லுதல் என்பது அப்பெயரின் பொருள். பௌதிகப் பேராசிரியராயிருந்த தெரதா தொரஹிகோ (1878–1935) இவ்வகையிற் சிறந்தவர். நெரிசல் மிக்க ஒரு டிராம் வண்டியின் பின்னால் நெரிசலற்ற வண்டி வருவதேன் என்பதைக் கடிகாரமும் கையுமாய் நின்று கணக்கிட்டு 1922 இல் ஒரு கட்டுரை எழுதினார். 1933 இல் எழுதிய கட்டுரை கோப்பியின் மெய்யியலைப் பற்றியது. கோப்பியின் பயன் மெய்யியலின் பயனோடு ஒருவாறு ஒக்கும் என்பது அவர் கருத்து. இத்தகைய கட்டுரைகளில் வாக்கியங்கள் ‘என்றே தோன்றுகின்றது’, ‘ஆகவுங்கூடும்’, ‘அவ்வாறானதோர் உணர்வு எழுகின்றது’ என்றே பெரும்பாலும் முடியும். பாடநூலிற் பட்டியலாய்க் கண்டு மறந்த அம்முடிபுகள், டிராம் வண்டிக்குக் காத்து நிற்கும் ஒருவரின் எண்ணத்தோடு வரும்போது மனத்திற் பதிகின்றன. நாளொன்றுக்கு ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்து, அதே பொருளிலே தன் நாளைப் பற்றி ஐந்து வரி எழுதுபவன், அகராதியை மனனஞ் செய்பவனை விரைவில் முந்துவான்.

எழுதுவதற்குப் பொருள் தேடி அலையவும் வேண்டா. நலம் வினவியோர்க்கு யப்பானியர் கூறும் ‘ஓகாகெசாமா’ என்னும் விடையின் உள்ளே இருப்பது நிழல். தங்கள் நிழலில் நலமே என்பது கருத்து. நன்றி கூறும் ‘அரிகாத்தோ’ என்பதன் மூலப்பொருள், இருத்தற்கு அரியது என்பதாம். வருத்தம் தெரிவிக்கவும் நன்றி கூறவும் ஒருங்கே வழங்கும் ‘சுமிமாசென்’, முடிவுறவில்லை என்னும் சொல்லிலிருந்து வந்தது; பட்ட கடன் இன்னும் தீரவில்லை என விளக்குவாரும் உளர்.

உண்ணுமுன் கூறும் ‘இத்தடக்கிமசு’ என்பதும் பெறுதல் வினையே. மொரவு என்பதன் பணிவு வடிவம். தலைமேற் கொள்ளுதல் என்பது அதன் பழம்பொருள். பள்ளிச் சிறுவர் மதிய உணவின் முன் ஒருமித்துக் கூறுவர். தனியறையில் ஒருவராய் இருந்து உண்பவரும் பலகாற் கூறுவர். யாரிடமிருந்து பெறுகின்றார் என்பதை வாக்கியம் சொல்வதில்லை. யப்பானியரை வினவின், சமைத்தவரிடமிருந்து என்பார் ஒருவர், விளைத்தவரிடமிருந்து என்பார் மற்றொருவர். உணவாய் முடிந்த மீனும் நெல்லும் கொண்டிருந்த உயிரையே பெறுகின்றோம் என்பாரும் உளர்.