சிங்கப்பூர்க் கடைத்தெருவும் வாடகைக் கணக்கும்

ஒரு முழம் மல்லிகையின் விலையை நிர்ணயிப்பவர் யார்? பூவைப் பயிரிட்டவர் என்போம். ஆகாய விமானத்தில் ஏற்றி அனுப்பியவர் என்போம். தொடுத்த கைக்கும் ஒரு பங்கு உண்டு என்போம். சிங்கப்பூரில் செராங்கூன் ரோட்டை அடுத்த சந்துகளில் பூக்கடை வைத்திருப்பவர்கள் இவர்களோடு இன்னொருவரையும் சேர்த்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் பூவைத் தொட்டதில்லை, நாரைத் தொட்டதில்லை, மாதம் பிறந்தால் மட்டும் அவர் நினைவு தவறாமல் வரும். அவர்தாம் கட்டடத்தின் சொந்தக்காரர். கடைத்தெருவில் விற்கும் ஒவ்வொரு பண்டத்துக்குள்ளும் நிலத்தின் விலை ஒளிந்து கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் அது எப்படி வளர்ந்தது என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1819-ஆம் வருஷம் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ் அத்தீவில் ஆங்கிலக் கம்பெனியாரின் வியாபார ஸ்தலத்தை ஏற்படுத்தினார். 1822-இல் நகர அமைப்புக்கு விதிகள் வகுத்தபோது, ஜனங்கள் வெயிலும் மழையும் படாமல் நடப்பதற்காகக் கட்டடங்களின் முன்புறத்தில் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென்று உத்தரவிட்டார். இதுவே பின்னால் புகழ்பெற்ற 'ஐந்தடி நடைவழி.' அதன் பின்னால் எழுந்தவை கடைவீடுகள். வீதியைப் பார்த்த முகப்பு குறுகியிருக்கும். உட்புறமோ நீண்டுகொண்டே போகும். கீழே வியாபாரம், மேலே குடித்தனம்.

நம்மவர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கிகள் வைத்து லேவாதேவி நடத்தினார்கள். ஒரு நீண்ட கூடம். அதில் வரிசையாகப் பலர். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, எழுதுவதற்கு ஒரு சாய்மேஜை. கடை என்பது அவ்வளவுதான். அந்தச் சிறு இடத்தில் உட்கார்ந்து பெரும் வியாபாரங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். இன்று அவ்வீதியில் வானளாவிய காரியாலயங்கள் நிற்கின்றன.

யுத்தம் முடிந்தபின் நகரில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1947-இல் சர்க்கார் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்தார்கள். பழைய கட்டடங்களின் வாடகை யுத்தத்துக்கு முந்திய அளவிலேயே நிறுத்தப்பட்டது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. பாட்டனார் கொடுத்த வாடகையில் பேரன் கடை நடத்தலாம் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இராது?

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கும் ஒரு விலை இருந்தது. கையில் வரும் காசு ஓடு மாற்றவும் போதவில்லையென்று சொந்தக்காரர்கள் கட்டடங்களைக் கவனியாமல் விட்டார்கள். வீடு முழுவதையும் சொற்ப வாடகைக்கு எடுத்தவர், பலகைத் தடுப்புகள் போட்டு அறை அறையாகப் பிரித்து, ஏழைகளிடம் அதிக வாடகை வாங்கினார். புதிதாகக் கடை தேடியவரோ, 'தேநீர்ப் பணம்' என்ற பெயரில் மறைமுகமாக ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. சட்டம் வாடகையைக் கட்டிப் போட்டது. நிலத்தின் மதிப்பைக் கட்டிப் போட அதனால் முடியவில்லை. முன்வாசலில் நுழைய முடியாத பணம் கொல்லைப்புறமாக நுழைந்தது.

அதன் பிறகு சர்க்கார் வேறு வழியில் இறங்கினார்கள். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. 1966-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் பொதுக் காரியங்களுக்கு நிலம் எடுப்பதைச் சுலபமாக்கியது. இன்று தீவின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சர்க்காரின் வசம் இருக்கிறது. அடுக்கு மாடி வீடுகளின் அடித்தளத்தில் கடைகள் அமைத்தார்கள். 1990-களில் அவற்றில் பலவற்றை அங்கே வாடகைக்கு இருந்த வியாபாரிகளுக்கே விற்றார்கள். வாங்கிக் கொண்டவருக்குக் காலடியில் நிலம் நிலைத்தது. பிற்பாடு வந்த இளைஞரோ, முன்பு தம்மைப் போலவே வாடகை கொடுத்துக் கொண்டிருந்தவருக்கே வாடகை கொடுக்கலானார்!

ஜனசங்கியை 1965-இல் சுமார் 19 லட்சம். 2024-இல் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜனங்கள் பெருகினால் கடைத்தெருவின் மதிப்பும் பெருகும். ஆர்ச்சர்ட் ரோடு ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் நிறைந்த பாதை. டாங் சூன் கெங் என்ற சீன வியாபாரி 1958-இல் அங்கே தம் பெரிய கடையைத் திறந்தபோது, எதிரே இருந்தது இடுகாடு. அபசகுனம் என்று பலர் தலையசைத்தார்கள். அவரோ, பக்கத்துப் பேட்டையிலிருந்து தினமும் அவ்வழியே போகிற வசதியுள்ள குடும்பங்களைத்தான் பார்த்தார். இடுகாடு இருந்த இடத்தில் 1993-இல் பெரியதோர் அங்காடி மாளிகை திறக்கப்பட்டது. ஒருவரின் துணிவும், சர்க்கார் போட்ட சாலையும், 1987-இல் வந்த ரயில் நிலையமும், வந்துபோகும் லட்சக்கணக்கான ஜனங்களின் கால்களும் சேர்ந்து அந்த மண்ணைப் பொன்னாக்கின.

பழைய கடைவீடுகளுக்கும் நல்ல காலம் வந்தது. 1989-இல் சீனர் பேட்டை, லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய பகுதிகள் பாதுகாக்கப்பட்டன. 2001-இல் வாடகைக் கட்டுப்பாடு அடியோடு நீங்கியது. கட்டடங்கள் வர்ணம் பூசிக்கொண்டு எழுந்து நின்றன. ஆனால் உள்ளே இருந்த பழைய தொழில்கள் பல, புதிய வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெளியேறின. கூடு பிழைத்தது, குருவி பறந்துவிட்டது.

பேரங்காடிகளில் கணக்கே தனி. நிலையான வாடகை ஒன்று. விற்பனையில் ஒரு சதவிகிதம் மற்றொன்று. கட்டடமும் ஒரு தனிமனிதருடையதாக இருக்க வேண்டியதில்லை. பலர் பங்கு வாங்கிச் சேர்ந்து கட்டடங்களை உடைமையாகக் கொள்ளும் 'ரீட்' என்னும் டிரஸ்டு அங்கே முதன்முதலாக 2002-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. வரிச் சலுகை வேண்டுமானால், வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது பங்குக்காரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே வாடகை உயர்ந்தால் பங்கு வைத்திருக்கும் உபாத்தியாயர் மகிழ்வார். அன்று மாலையே காப்பி விலை ஏறிவிட்டதென்று அங்கலாய்ப்பார். இரண்டும் ஒரே காசு என்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

2020-இல் கொள்ளைநோய் கடைகளை மூடியபோது இந்தக் கணக்கு வெட்ட வெளிச்சமாயிற்று. வாங்குவார் இல்லை, வாடகை மட்டும் நிற்கவில்லை. சொந்தக்காரர்களும் சுமையில் பங்கேற்க வேண்டுமென்று சர்க்கார் சட்டம் செய்தார்கள். பின்னர் 2023-இல் சில்லறைக் கடைக் குத்தகைகளுக்கென்றே ஒரு சட்டம் நிறைவேறி, 2024 பிப்ரவரி முதல் தேதி அமுலுக்கு வந்தது. நிலையான வாடகை, விற்பனைப் பங்கு இவ்விரண்டில் எது அதிகமோ அதைக் கொடு என்று கேட்கும் வழக்கத்துக்கு அது தடை போட்டது. வாடகைக்கு ஒரே கணக்கு முறை வேண்டும் என்றது. வாடகை எவ்வளவு என்பதில் மட்டும் சட்டம் தலையிடவில்லை.

1947-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அது விலையைக் கட்டியது. இது பேரத்தை நேராக்க முயல்கிறது. இதுவே மேலான வழி என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் பேரம் நியாயமாக நடந்துவிட்டால் மட்டும் பூக்கடை பிழைத்து விடாது. ஒரு வீதிக்குப் பெயரும் மணமும் கொடுப்பவர்கள் அங்கே கடை விரித்திருப்பவர்கள். அந்தப் பெயருக்காகக் கூடும் பணமோ கட்டடத்துக்குப் போகிறது. வீதியை வளர்த்தவரே அந்த வளர்ச்சியால் வெளியேற நேர்ந்தால், மிஞ்சுவது வர்ணம் பூசிய சுவர்தான்.

செராங்கூன் ரோட்டுக்குப் போகும் நேயர்கள் அழகான முகப்புகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே ஐந்தடி நடைவழியில் பூத்தொடுக்கும் கைகளையும் ஒரு கணம் பார்க்க வேண்டும். அவ்வீதியின் மதிப்பு அங்கேதான் உற்பத்தியாகிறது.